பத்து மரங்களுக்கு நேரே எழுதிய பூஜ்யம்

என் அருமை மதினிக்கு,

மாசி பிறந்துவிட்டது. அருவியில் தண்ணீர் நூலாகிவிட்டது. குத்துக்கல்வலசையில் நம் வீட்டுக்கு எதிரே காலியாகக் கிடந்த மனையில் அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். அம்மா எந்நேரமும் ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறாள், தூசிக்காக என்று சொல்லிக்கொள்கிறாள். புளியங்குடியிலிருந்து உங்கள் அப்பா இன்னும் மாதம் தவறாமல் ஒரு பை எலுமிச்சை அனுப்புகிறார். மகள் இல்லாத வீட்டுக்கு ஏன் அனுப்புகிறார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அம்மா ஊறுகாய் போட்டுக்கொண்டே இருக்கிறாள். யாரும் தொடுவதில்லை.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. இதுவரை உங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் உண்மையை எழுத வேண்டும், அதனால் எழுதவில்லை. இப்போதும் நானாக எழுதவில்லை. அண்ணன் எழுதச் சொன்னான். நாலு பேர் படிக்கிற இடத்தில் போடவும் சொன்னான். பிறந்தநாளைக்கூட யாரிடமும் சொல்லாதவள் நான். எனக்கு இது எவ்வளவு கடினம் என்று உங்களுக்குத் தெரியும்.

படிக்கிறவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முனைவர் பட்டத்துக்காக நீங்கள் மரப் புலிவண்டை ஆராய்ந்தீர்கள். மணலில் ஓடும் புலிவண்டைச் சிலராவது பார்த்திருப்பார்கள். இது மரத்தைவிட்டு இறங்க மனமில்லாத இனம். கட்டெறும்பை இழுத்து நீட்டியது போல இருக்கும். உடம்பெல்லாம் கறுப்பு, தொடை மட்டும் சிவப்பு, முகத்துக்கு அடங்காத கண்கள். முதுகின் ஓடு இரண்டும் ஒட்டிப்போய்விட்டதால் பறக்க முடியாது. அடிமரத்தில் ஏறி இறங்கி எறும்புகளையும் சிறு பூச்சிகளையும் பிடித்துத் தின்னும். மரத்தை வெட்டிவிட்டால் அதற்குப் போக்கிடம் கிடையாது.

நீங்கள் கல்யாணமாகி வந்த புதிதில் அம்மா பக்கத்து வீட்டில் புலம்பியது நினைவிருக்கிறதா? “மருமவ டாக்டருக்குப் படிக்கான்னு சொல்லிட்டேன். எந்த ஆஸ்பத்திரியிலன்னு கேக்காளுவோ. வண்டாஸ்பத்திரியிலன்னா சொல்ல முடியும்?” அடுக்களையிலிருந்து நீங்கள் சத்தமாகவே பதில் சொன்னீர்கள்: “சொல்லுங்க அத்தை. ஒரு வண்டுக்கு ஆறு காலு, வருமானம் ஜாஸ்தின்னு சொல்லுங்க.” அம்மா சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு உங்களுக்குக் காலையில் சோறு கட்டிக் கொடுப்பது அம்மாவின் வேலையாயிற்று.

இந்த வண்டை எண்ணுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆள் நெருங்கினால் பறந்து தப்ப முடியாத அது, ஓணானைப் போல மரத்தைச் சுற்றி மறுபக்கம் போய்விடும். அதனால் ஒருத்தி முன்கூட்டியே பின்பக்கம் போய் அசையாமல் நிற்க வேண்டும். மற்றவள் முன்பக்கமாகக் கையை வீசி நடந்து வர வேண்டும். வருகிறவளுக்கு வெறும் மரப்பட்டைதான் தெரியும். நிற்கிறவளுக்கு எல்லாம் தெரியும். நிற்கிறவள் சொல்ல, வருகிறவள் எழுதுவாள். குற்றாலத்துக்கு மேலே அந்தப் பழத்தோட்டத்தில் தை முதல் வைகாசி வரை, வாரம் ஒரு காலை, அறுபது மரங்கள். நீங்கள் நடந்து வருவீர்கள். நான் பின்னால் நிற்பேன்.

எம்.ஏ. முடித்துவிட்டுத் தேர்வாணையத் தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு வீட்டில் கதைப்புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தவள் நான். “சும்மாத்தான கெடக்கா, கூட்டிட்டுப் போ” என்றான் அண்ணன். முதல் மாதம் ஒழுங்காகத்தான் நின்றேன்.

“ஏட்டி, ஆடாம நிக்கியா?”

“சிலை மாரி நிக்கேன் மதினி.”

“சிலைக்குக் கண்ணு தெரியுமா?”

“ரெண்டு வந்துட்டு. ஒண்ணு மேல ஏறுது.”

“அப்படிச் சொல்லு என் தங்கம்.”

கடைசிப் பத்து மரங்கள் ஜாதிக்காய் மரங்கள், ஓடையை ஒட்டி வரிசையாக நிற்பவை. அங்கே போகும்போது ஐம்பது மரம் முடிந்திருக்கும், கால் கடுக்கும், அட்டை ஏறும். அந்த மரங்களுக்குப் பின்னால் ஓடைக்கு மேலாக ஒரு பாறை இருக்கிறது. அதில் உட்கார்ந்தால் அட்டைத் தொல்லை இல்லை. மாசி மாதத்தில் ஒரு நாள் மேல்சட்டைக்குள் ஒரு மெல்லிய நாவலை வைத்து எடுத்து வந்திருந்தேன். பாதியில் விட்டிருந்த அத்தியாயம் மனதை அரித்துக்கொண்டிருந்தது. பாறையில் உட்கார்ந்து அதைப் பிரித்தேன். நீங்கள் முன்பக்கம் வந்து, “கோமதி, அங்கன எத்தன?” என்று கேட்டீர்கள்.

“இங்கன ஒண்ணுங் காணும் மதினி,” என்றேன். தலையை நிமிர்த்தவில்லை.

நீங்கள் பூஜ்யம் எழுதினீர்கள். அடுத்த மரத்துக்கும் அதையே சொன்னேன். அடுத்த வாரமும். பொய் சொல்கிறோம் என்ற உறுத்தல் இரண்டாவது வாரத்தோடு போய்விட்டது. வண்டுதானே என்று நினைத்தேனா? அப்படிக்கூட நினைக்கவில்லை. நினைத்திருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். மாசியிலிருந்து வைகாசி முடிய அந்தப் பத்து மரங்களுக்கு நேரே வரிசையாகப் பூஜ்யம்.

சித்திரையில் ஒருநாள் மட்டும் முன்பக்கம் நின்றபடி நீங்கள் சொன்னீர்கள்: “ஏட்டி, இப்ப ஒண்ணு சுத்திக்கிட்டு வந்த மாரி இருந்துதே?”

புத்தகத்தை மூடாமலே, “அது எறும்பு மதினி,” என்றேன்.

“நீயே சொல்லிட்டே. அப்பச் சரி,” என்றீர்கள். எறும்பு என்று குறிப்பேட்டிலும் எழுதினீர்கள். எறும்பு மாதிரி இருப்பதுதான் அந்த வண்டின் பிழைப்பே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். இருந்தும் என் சொல்லை நம்பினீர்கள்.

தோட்டத்தின் சொந்தக்காரர்கள் அந்த ஓடைக்கு அக்கரையில் இரண்டு காட்டேஜ் கட்டி விளக்குப் போட்டிருந்தார்கள். மற்ற ஐம்பது மரங்களில் வண்டு இருக்கிறது, இந்தப் பத்தில் மட்டும் இல்லை. நீங்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டீர்கள். விளக்கு வந்ததும் வண்டு போய்விட்டது என்று ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயம் எழுதினீர்கள். சாப்பிடும்போதுகூட அதே பேச்சு. “பாவம்ட்டி. பறக்கக்கூடத் தெரியாத சீவன். எங்க போயிருக்கும்?” என்று கேட்டீர்கள். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

ஆனியில் சாரல் தொடங்கியது. அத்தியாயத்தை உங்கள் ஆய்வு வழிகாட்டி மேடத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியது. அந்த எறும்பு உங்களை அரித்துக்கொண்டே இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். மழை வெறித்த ஒரு காலையில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றீர்கள்.

“வாயேன் கோமதி. பத்தே மரம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துரலாம்.”

வந்தால் அந்த மரங்களில் வண்டு ஓடும். நான் வாய் திறந்து எண்ணிக்கை சொல்ல வேண்டும். அத்தனை வாரமும் இல்லாதது இன்று எப்படி வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். “தல வலிக்கி மதினி,” என்றேன்.

நெற்றியைத் தொட்டுப் பார்த்தீர்கள். “சரி, படு. நான் போயி அந்தப் பாறையில உக்காந்துக்கிடுதேன். ஆடாம ஒரு மணி நேரம் இருந்தா அதுவா முன்னால வரும்.” கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுப் போனீர்கள். எனக்கு வெளிச்சம் படக்கூடாது என்று.

தோட்டத்துக் கங்காணி அண்ணாச்சி மதியம் தேடிப் போயிருக்கிறார். பாறையில் பாசி. கீழே ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர்கூட இல்லை. தலை கல்லில் பட்டிருந்தது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது உங்கள் கையில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது என்று நினைத்தேன். அது என் கைச் சூடாகவும் இருக்கலாம்.

கங்காணி அண்ணாச்சி உங்கள் பையை என்னிடம்தான் தந்தார். குறிப்பேடு பிளாஸ்டிக் உறைக்குள் நனையாமல் இருந்தது. கடைசிப் பக்கத்தைப் பிரேத அறை வாசலில் நின்று படித்தேன். மூன்றாம் மரம், இரண்டு. நான்காம் மரம், ஒன்று. ஏழாம் மரம், மூன்று. அதற்குக் கீழே: “இத்தனை நாள் எப்படித் தவறவிட்டோம்? கோமதியிடம் கேட்கணும்.”

தவறவிட்டோம் என்றுதான் எழுதியிருந்தீர்கள், மதினி. தவறவிட்டாள் என்று எழுதவில்லை.

என்ன கேட்டிருப்பீர்கள்? எந்தக் குரலில்? திட்டியிருப்பீர்களா, சிரித்திருப்பீர்களா, அல்லது நான் புத்தகம் படித்ததைக் கண்டுபிடித்துவிட்டுக் கதை என்ன என்று கேட்டிருப்பீர்களா? ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாகக் கேட்கிறீர்கள்.

நான் அந்தக் குறிப்பேட்டை என் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். கடைசிக் குறிப்பேடு ஓடையில் போய்விட்டது என்று உங்கள் மேடத்திடம் சொன்னேன். இது அடுத்த பொய். முந்தைய குறிப்பேடுகள் அவரிடம் இருந்தன. உங்கள் அத்தியாயத்தைக் கட்டுரையாக்கி உங்கள் பெயரிலேயே வெளியிடப் போவதாகச் சொன்னார். போனில் அழுதார். நானும் அழுதேன். அந்த அழுகையில் எது நிஜம் என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். போவதற்கு முந்தைய வாரம் நீங்கள் அவனிடம் இரண்டு தடவை கேட்டிருந்தீர்கள். “ஷூ அடி மொழுக்கையாப் போச்சு. பாறையில நிக்கல.” தென்காசிக்குப் போகும்போது வாங்கிவிடலாம் என்றான். அதற்குள் கோயில் கொடை பந்தோபஸ்துக்குப் போட்டுவிட்டார்கள். போலீஸ்காரன் எத்தனையோ சாவைப் பார்த்தவன் என்று ஊரில் சொன்னார்கள். அவன் அழவில்லை. ஆனால் யார் துக்கம் விசாரிக்க வந்தாலும் அதே ஒரு வாக்கியம்: “ஷூ கேட்டா. நான் வாங்கிக் குடுக்கல.” செங்கோட்டைப் பக்கம் சோதனைச் சாவடிக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான். அங்கே பகல் முழுக்க லாரிகளை நிறுத்தி நிறுத்தி நிற்கிறான். உடம்பு பாதியாகிவிட்டது.

இந்த எட்டு மாதமும் அவன் அந்த வாக்கியத்தைச் சொல்லும்போதெல்லாம் நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்திருக்கிறேன்.

போன மாதம் இரண்டு காரியம் ஒரே வாரத்தில் நடந்தது. கட்டுரை தயார், உங்கள் போட்டோ ஒன்று அனுப்பு என்று மேடம் கேட்டார். அதே வாரம் லீவில் வந்த அண்ணன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து உங்கள் படத்துக்குக் கீழே வைத்தான். மலையேறுகிற ஷூ. உங்கள் அளவு. அம்மா சத்தம் போட்டாள்: “சாமி படம் இருக்க எடத்துல செருப்பை வைக்கியே, ஒனக்கென்ன கோட்டியா?” அவன், “ஆமா, கோட்டிதான்,” என்றான். பெட்டியை எடுக்கவில்லை.

நான் உள்ளே போய்க் குறிப்பேட்டை எடுத்துவந்து கடைசிப் பக்கத்தைப் பிரித்து அவன் மடியில் வைத்தேன்.

இரண்டு தடவை படித்தான். “இது என்னது?” என்றான்.

சொன்னேன். பாறை, புத்தகம், எறும்பு, தலைவலி. முடிந்ததும் விசாரணையில் கேட்பது போலக் கேட்டான்.

“எத்தன மரம்?”

“பத்து.”

“எத்தன மாசம்?”

“நாலு.”

“அவ கூப்பிட்டப்ப தல வலிச்சுதா, இல்லையா?”

“இல்ல அண்ணே.”

எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான். லீவு மூன்று நாள் மிச்சம் இருந்தது. அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். அது எனக்கும் அவளுக்கும் உள்ளது.

அடுத்த வாரம் திரும்பி வந்தான். வாசலில் நின்றபடியே, “வா. அந்த மரத்தக் காட்டு,” என்றான். பைக்கில் இலஞ்சி தாண்டி மேலே ஏறினோம். தோட்டத்தில் கங்காணி அண்ணாச்சி கேட்டைத் திறந்துவிட்டார். அண்ணனை மரங்களுக்குப் பின்னால் நிற்கச் சொன்னேன். பாறை காய்ந்து கிடந்தது. அவன் அதில் ஏறவில்லை, பக்கத்தில் நின்றான். போலீஸ்காரனுக்கு அசையாமல் நிற்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நான் முன்பக்கமாகக் கையை வீசி நடந்தேன், நீங்கள் நடந்தது போல. எனக்கு வெறும் மரப்பட்டைதான் தெரிந்தது.

பிறகு, “சின்னதா, கறுப்பா,” என்றான். “கால் செவப்பு.”

“அதுதான்.”

“ரெண்டு.” கொஞ்சம் பொறுத்து, “இல்ல, மூணு,” என்றான். பத்து மரத்தையும் பார்த்தோம். எட்டு மரத்தில் இருந்தன.

மதினி, விளக்கு அவற்றை விரட்டவில்லை. அவை எங்கேயும் போகவில்லை. காட்டேஜ் கட்டியவர்களுக்கு என் உண்மை சாதகமாகத்தான் போகும். மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவரும் அதைத்தான் முதலில் சொன்னார்: “முடிவே மாறிடுமேம்மா.” பிறகு, “குறிப்பேட்டை அனுப்பு,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மலையிலிருந்து இறங்கி வரும்போது அண்ணன் சொன்னான்: “எழுதிக் குடு.”

“யாருக்கு? ஒனக்கா?”

“எனக்கு எதுக்கு? கேக்கணும்னு எழுதி வச்சிட்டுப் போயிருக்கால்ல, அவளுக்குப் பதில் எழுது. எல்லாரும் படிக்க மாரி எழுது. மறைச்சு வச்சதுக்கு அதுதான் சரி.”

அதனால் எழுதினேன். நேற்று இந்தக் கடிதத்தை அவனிடம் கொடுத்தேன். வாக்குமூலம் படிப்பது போலப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தான். இந்த இடத்தில் நான் முதலில் வேறு மாதிரி முடித்திருந்தேன்: “நீங்கள் விழுந்ததற்குக் காரணம் நான் மட்டுமே. அண்ணனுக்கு இதில் பங்கில்லை.” அந்த இரண்டு வரியையும் அவன் அடித்துவிட்டான். ஓரத்தில் தன் கையெழுத்தில் எழுதினான்: “ஷூவும் தேய்ந்திருந்தது.”

“நான் சொன்னா ஒனக்குப் பாரம் குறையும்னுதான் அண்ணே...” என்றேன்.

“ஒம் பங்கு ஒனக்கு. எம் பங்கு எனக்கு,” என்றான். “அதுல நீ கை வைக்காத.”

அவன் திருத்தியபடியே விட்டுவிட்டேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கட்டுரை எப்போது வந்தாலும் அந்தப் பத்து மரங்களுக்கு நேரே பூஜ்யம் இருக்காது. அந்தக் கட்டங்கள் காலியாக இருக்கும். இவற்றைப் பார்க்க வேண்டியவள் பார்க்கவில்லை என்று அடியில் ஒரு குறிப்பும், அதில் என் பெயரும் இருக்கும். மேடத்திடம் பேசி வாங்கிவிட்டேன். உங்கள் பெயர் அச்சாகும் அதே தாளில் என் பெயர் அப்படித்தான் அச்சாகும். மன்னிப்பைக் கேட்கப் போவதில்லை. அதைத் தரக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.

இப்படிக்கு,
நீங்கள் கேட்க வேண்டியிருந்தவள்,
உங்கள் நாத்தனார்
கோமதி